ஸ்கோப் நார்மல், பயம் மட்டும் போகவில்லை: குடல் மருத்துவர் பதில்கள்

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எனக்கு 36 வயது. கணக்கு எழுதும் வேலை, நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பேன். சிகரெட், குடி இரண்டும் கிடையாது. ஐந்து மாதம் முன்பு வரை காலையில் ஒரு தடவை மோஷன் போவேன், அதற்கப்புறம் அந்த நினைப்பே இருக்காது. என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் பெருங்குடல் புற்றுநோயில் இறந்துபோனார். அவருக்கு 41 வயது. அடுத்த சில நாட்களிலேயே எனக்கும் வயிறு மாற ஆரம்பித்தது.

இப்போது காலையில் மட்டும் மூன்று, நான்கு தடவை போகிறேன். முதலில் கட்டியாக, அடுத்து குழைவாக, கடைசியில் வெறும் தண்ணீரும் சளியும். சில நாள் பென்சில் மாதிரி மெலிதாக வருகிறது. முழுவதும் வெளியேறிய திருப்தியே இல்லை. அடிவயிற்றின் இடது பக்கம் ஒரு பிடிப்பு, போய்விட்டு வந்தால் கொஞ்சம் குறைகிறது. அந்த இடத்தை அழுத்தினால் கயிறு மாதிரி ஏதோ உருள்கிறது, வலிக்கவும் செய்கிறது. ரத்தம் பார்த்ததில்லை. தூங்கிவிட்டால் வயிற்றுக்காக எழுந்ததில்லை. எடை 3 கிலோ குறைந்து, இப்போது அதே இடத்தில் நிற்கிறது.

ஹீமோகுளோபின் 14.6. ஃபெரிட்டின் (இரும்புச் சத்து இருப்பு), தைராய்டு எல்லாம் நார்மல். மலத்தில் ரத்தம் பார்க்கும் ஃபிட் டெஸ்ட் நெகட்டிவ். குடல் அழற்சி பார்க்கும் கால்புரோடெக்டின் 28. டாக்டர் ஐ.பி.எஸ்., அதாவது எரிச்சல் குடல் நோய், என்றார். நான் விடாமல் கேட்டதால் போன மாதம் கொலனோஸ்கோப்பியும் (பெருங்குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது) செய்தார். சீக்கம் வரை பார்த்ததாகவும், குடல் சுத்தம் பாஸ்டன் அளவில் 8 என்றும், பாலிப் (குடலின் உட்சுவரில் வளரும் சின்ன முளை), கட்டி எதுவும் இல்லை என்றும் ரிப்போர்ட்டில் இருக்கிறது. பயாப்ஸியும் நார்மல்.

ஒரு வாரம் நிம்மதியாக இருந்தேன். அப்புறம் ஒரு நாள் ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் படித்தபோது அந்த 8 கண்ணில் பட்டது. ஏன் 9 இல்லை? சரியாகத் தெரியாமல் போன இடத்தில் ஏதாவது ஒளிந்திருந்தால்? அன்றிலிருந்து மறுபடி தூக்கம் இல்லை. தினமும் மலத்தை போனில் படம் எடுத்து, போன வாரப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். காலை மாலை எடை பார்க்கிறேன். ராத்திரி எல்லாம் இணையத்தில் தேடுகிறேன். என் மகளுக்கு நாலு வயது. நண்பரின் பையனுக்கும் அதே வயதுதான். இன்னொரு தடவை ஸ்கோப் பார்க்கலாமா? சி.டி. ஸ்கேனோ, சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனையோ செய்துகொள்ளலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: வேண்டாம். ஸ்கோப்பும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம், சி.இ.ஏ.வும் வேண்டாம். உங்களைச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்காக இதைச் சொல்லவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொரு வரியையும் எடுத்துவைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். காரணங்களையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த 8. பாஸ்டன் அளவில் பெருங்குடலை வலது, நடு, இடது என்று மூன்று பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை கொடுப்போம். ஒவ்வொரு பகுதிக்கும் 2 கிடைத்தாலே பார்த்த பார்வையை நம்பலாம் என்பது கணக்கு. 8 என்றால் இரண்டு பகுதிகள் 3, ஒரு பகுதி 2. அந்த 2 எதற்கு என்றால், கொஞ்சம் கறையோ திரவமோ ஒட்டியிருந்தது, ஆனாலும் குடலின் உட்சுவர் நன்றாகத் தெரிந்தது என்பதற்கு. சுவர் தெரியாத இடம் இருந்திருந்தால் அந்தப் பகுதிக்கு 1 தான் போட்டிருப்பார். தினமும் ஸ்கோப் செய்பவர்களுக்கு 8 வந்தால் நல்ல நாள். சீக்கம் என்பது பெருங்குடல் ஆரம்பிக்கும் இடம், குடல்வால் திறக்கும் வாசல் அங்கேதான் இருக்கிறது. அதுவரை போயிருக்கிறார் என்றால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளக் குடலை முழுவதும் பார்த்திருக்கிறார்.

ஸ்கோப்பில் எதுவுமே தப்பாது என்று நான் சொல்ல மாட்டேன். சில மில்லிமீட்டர் அளவுள்ள சின்னப் பாலிப் ஒன்று மடிப்புக்குப் பின்னால் மறைந்து தப்புவது உண்டு. ஆனால் அந்த அளவுள்ள பாலிப் பிடிப்பையும் தராது, மூன்று தடவை டாய்லெட்டுக்கும் அனுப்பாது. மலத்தைப் பென்சில் மாதிரி நெருக்கி அனுப்ப வேண்டுமானால் கட்டி குடலைச் சுற்றி வளைத்து அடைத்திருக்க வேண்டும். அப்படி ஒன்று இருந்தால், விரல் தடிமன் உள்ள ஸ்கோப் அந்த இடத்தில் முட்டிக்கொண்டு நின்றிருக்கும். உங்களுக்கு அது தாண்டிப் போய் சீக்கத்தைத் தொட்டிருக்கிறது. உங்கள் அறிகுறிகளுக்குக் காரணமாகும் அளவு பெரிய கட்டி அந்தப் பார்வைக்குத் தப்பியிருக்க வழியில்லை. சின்னப் பாலிப் தப்பியிருந்தாலும், அது புற்றுநோயாக மாற பொதுவாகப் பத்து ஆண்டு அளவில் ஆகும். குடும்பத்தில் யாருக்கும் இந்த நோய் இல்லாதவர்களுக்கு, ஸ்கோப் நார்மல் என்றால் அடுத்தது பத்து ஆண்டுகள் கழித்து என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். பெற்றோர், உடன்பிறந்தவர்கள் யாருக்காவது இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அந்த இடைவெளி மாறும், உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மெலிதாக வருவதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. மலத்தின் வடிவம் கடைசிச் சில அங்குலங்களில்தான் முடிவாகிறது. ஆசனவாய்த் தசை இறுகியிருந்தாலோ, மலம் குழைவாகவும் கொஞ்சமாகவும் இருந்தாலோ மெலிதாகத்தான் வரும். நாலாவது தடவையாகப் போய் முக்கும்போது உள்ளே என்ன பெரிதாக இருக்கப் போகிறது? முழுவதும் போகவில்லை என்ற உணர்வும் அப்படித்தான். மலக்குடலின் நரம்புகள் கூர்மையாகிவிட்டால் காலியாக இருக்கும்போதும் இன்னும் இருக்கிறது என்றே சொல்லும். அதை நம்பி உட்கார்ந்து முக்கினால் வெடிப்பும் மூலமும் வரும், அப்புறம் நிஜமாகவே ரத்தம் வரும், உங்கள் பயம் பத்து மடங்காகும். ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்காராதீர்கள்.

அந்தக் கயிறு பற்றி நிறைய பேர் கேட்கிறார்கள். இடது அடிவயிற்றில் விரலுக்கு அடியில் உருள்வது சிக்மாய்டு என்ற உங்கள் சொந்தக் குடல். ஒல்லியாக இருப்பவர்களுக்கு, அதிலும் அது சுருங்கியிருக்கும்போது, தெளிவாகவே தட்டுப்படும். ஒரு நாளைக்கு இருபது தடவை அழுத்தினால் எந்தக் குடலும் வலிக்கும். அழுத்துவதை நிறுத்திய ஓரிரு வாரத்தில் அந்த வலி குறைவதை நானே பலரிடம் பார்த்திருக்கிறேன்.

சளி குடலின் உட்சுவர் எப்போதும் சுரப்பதுதான். மலம் இல்லாமல் தனியாக வெளியே வரும்போது மட்டும் கண்ணில் படுகிறது. எடையைப் பொறுத்தவரை, பயத்தில் சாப்பாடு குறைந்தால் 3 கிலோ சாதாரணமாக இறங்கும். இறங்கிக்கொண்டே போகும் எடைதான் எனக்குக் கவலை தரும், உங்களுடையது நின்றுவிட்டது. காலை, மாலை எடை ஒன்றரைக் கிலோ வரை ஏறி இறங்குவது தண்ணீர்க் கணக்கு.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் நிம்மதி தந்த வரி, தூங்கிவிட்டால் வயிற்றுக்காக எழுந்ததில்லை என்பது. குடல் அழற்சி மாதிரி நோய்களில் ராத்திரி தூக்கத்தைக் கலைத்து எழுப்பும். ஐ.பி.எஸ். பெரும்பாலும் நீங்கள் விழித்த பிறகுதான் விழிக்கும். காலை நேரத்துக் கூட்டம், முதலில் கட்டி அப்புறம் தண்ணீர், போனால் குறையும் பிடிப்பு, இதெல்லாம் பாடப்புத்தகத்தில் எழுதியபடி இருக்கிறது. ஐ.பி.எஸ்.ஸை உறுதிசெய்ய மருத்துவர்கள் 2016ல் வகுத்த ரோம் 4 வரையறையில், கடைசி மூன்று மாதமாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்று வலி இருக்க வேண்டும், அது மலம் கழிப்பது, எத்தனை தடவை போகிறோம் என்பதில் மாற்றம், மலத்தின் வடிவத்தில் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டோடாவது சேர்ந்து வர வேண்டும். ஆரம்பித்து ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும் என்றும் அதில் உண்டு, உங்களுக்கு இன்னும் ஒரு மாதம் பாக்கி. மற்றதெல்லாம் பொருந்துகிற ஒருவரிடம் அந்த ஒரு மாதத்துக்காக நான் காத்திருக்க மாட்டேன். உங்கள் டாக்டர் சொன்னது சரி. கால்புரோடெக்டின் 50க்குக் கீழே இருப்பதால் குடலில் அழற்சி இல்லை. ஃபிட் டெஸ்ட் நெகட்டிவ், ஹீமோகுளோபினும் நார்மல் என்னும்போது, ஸ்கோப் செய்வதற்கு முன்பே உங்களுக்குப் புற்றுநோய் இருக்கும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் கீழேதான் இருந்தது. அதற்கு மேல் ஸ்கோப்பும் பார்த்தாயிற்று.

அப்படியானால் வயிறு ஏன் மாறியது? நிஜமாகவே மாறியிருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எல்லாம் உங்கள் கற்பனை என்று யாராவது சொன்னால் அவர்கள் சொல்வது தவறு. குடலின் சுவருக்குள் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் இருக்கின்றன, மூளையோடு ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கின்றன. பயம் வந்தால் மூளையிலிருந்து வரும் அழுத்த ஹார்மோன்கள் இரைப்பையை மந்தமாக்கி, பெருங்குடலை வேகமாக்குகின்றன. வேகமாக ஓடும்போது தண்ணீரை உறிஞ்ச நேரம் இல்லை, பேதி மாதிரி போகிறது. அதே நேரத்தில் நரம்புகள் கூர்மையாகிவிடுவதால், முன்பு தெரியாமலே கடந்துபோன வாயு இப்போது வலியாகத் தெரிகிறது. பரீட்சை நாளில் பேதி போகும் பிள்ளைக்கு நடப்பதும் இதுதான், அந்தப் பிள்ளைக்கு அரை நாளில் முடிந்துவிடும். உங்களுக்கு ஐந்து மாதமாகத் தினமும் பரீட்சை.

சி.டி. ஏன் வேண்டாம் என்றால், நல்ல வயிற்றிலும் ஏதாவது ஒரு புள்ளியை ஸ்கேன் அடிக்கடி காட்டிவிடும். கல்லீரலில் ஒரு நீர்க்கட்டி, சிறுநீரகத்தில் ஒரு நிழல் என்று வந்தால், அதைத் தொடர்ந்து இன்னொரு ஸ்கேன், இன்னும் தூங்காத இரவுகள். சி.இ.ஏ. நோயைக் கண்டுபிடிப்பதற்கான பரிசோதனையே இல்லை. புற்றுநோய் இருப்பதாக ஏற்கெனவே தெரிந்தவருக்குச் சிகிச்சை எப்படிப் போகிறது என்று பார்க்க அது உதவும். ஆரம்ப நிலைப் புற்றுநோயில் பெரும்பாலும் நார்மலாக இருக்கும், புகை பிடிப்பவருக்கும் கல்லீரல் கெட்டவருக்கும் புற்றுநோயே இல்லாமல் ஏறியிருக்கலாம். முழு உடல் பரிசோதனை என்ற பெயரில் இதைச் சேர்த்து விற்பது எனக்குக் கோபம் தரும் விஷயம். அந்த ஒரு எண்ணால் அழுதுகொண்டு வந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். நோய் இருக்க வாய்ப்பு குறைவானவர்களுக்குச் செய்யும் பரிசோதனைகள் பயத்தைக் குறைக்கின்றனவா என்று 14 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த அலசல் ஒன்று 2013ல் வெளியானது. கிட்டத்தட்டக் குறைக்கவே இல்லை என்பதுதான் முடிவு. உங்களுக்கு ஒரு வாரம் நிம்மதி கிடைத்து அப்புறம் 8 என்ற எண் கண்ணில் பட்டதே, அதுதான் நடக்கிறது. அடுத்த ஸ்கோப்பில் 9 வந்தால், ஸ்கோப்பை வெளியே எடுக்க எத்தனை நிமிடம் ஆனது என்று பார்க்கத் தோன்றும். அதோடு ஸ்கோப் ஒன்றும் சும்மா இல்லை. ஆயிரத்தில் ஒருவருக்கு, அல்லது அதற்கும் குறைவானவர்களுக்கு, குடலில் துளை விழுகிறது. தேவை இருக்கும்போது அது ஏற்கக்கூடிய ஆபத்து. தேவை இல்லாதபோது இல்லை.

இனி நண்பரைப் பற்றி. மலத்தைப் பற்றி அத்தனை வரி எழுதிய நீங்கள் அவரைப் பற்றி எழுதியது மூன்றே சிறிய வாக்கியம். அவரோடு எத்தனை வருடம் வேலை பார்த்தீர்கள், கடைசி மாதங்களில் போய்ப் பார்த்தீர்களா, அவர் என்ன பேசினார் எதுவும் இல்லை. ஆனால் கடிதத்தின் முடிவில் இரண்டு குழந்தைகளின் வயதைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். இந்த ஐந்து மாதத்தில் நீங்கள் அவருக்காக உட்கார்ந்து அழுதீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது. 41 வயது நண்பர் போனது ஒரு பெரிய இழப்பு. அந்தத் துக்கத்துக்கு இடம் கொடுக்காமல் விட்டால் அது உங்கள் வயிற்றைப் பற்றிய கேள்வியாக மாறி வந்து நிற்கும். அவர் வீட்டுக்குப் போங்கள். அந்தப் பையனோடு ஒரு மாலை உட்காருங்கள். அவரை அறிந்த இன்னொருவரோடு அவரைப் பற்றிப் பேசுங்கள், நோயைப் பற்றி இல்லாமல், மனிதரைப் பற்றி.

50 வயதுக்குக் கீழே இந்தப் புற்றுநோய் பல நாடுகளில் கூடிவருவது உண்மைதான், அதை மறைக்க மாட்டேன். அமெரிக்காவில் அறிகுறி இல்லாதவர்களுக்கும் பரிசோதனை தொடங்கும் வயதை 2021ல் 50லிருந்து 45 ஆகக் குறைத்தது அதனால்தான். 2020ல் நடிகர் சாட்விக் போஸ்மேன் 43 வயதில் இதே நோயில் இறந்த செய்தி எத்தனையோ இளைஞர்களை உலுக்கியது. ஆனாலும் உங்கள் வயதில் வயிறு கெடுபவர்களில் மிக மிகச் சிலருக்குத்தான் அது. அந்தச் சிலரில் நீங்கள் இருக்கிறீர்களா என்று பார்ப்பதற்குத்தான் அத்தனை பரிசோதனையும் செய்தார்கள். பார்த்து, இல்லை என்று தெரிந்துவிட்டது.

மிச்சம் இருப்பது இந்தச் சரிபார்க்கும் பழக்கம். தூங்குகிற குழந்தையைத் தூங்கிவிட்டதா என்று தட்டித் தட்டிப் பார்த்தால் அது எப்படித் தூங்கும்? குடலையும் நீங்கள் அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள். போனில் இருக்கும் படங்களை எல்லாம் இன்றே அழித்துவிடுங்கள், ஒன்றைக்கூட வைத்துக்கொள்ள வேண்டாம். மோஷன் போனதும் ரத்தம் இருக்கிறதா என்று ஒரு பார்வை, உடனே தண்ணீரை ஊற்றிவிட்டு எழுந்துவிடுங்கள். நிறம், தடிமன், மிதக்கிறதா மூழ்குகிறதா, இதெல்லாம் பார்க்க வேண்டியதில்லை. பீட்ரூட் சாப்பிட்டால் சிவக்கும், இரும்புச் சத்து மாத்திரையால் கறுக்கும், நேற்று முன்தினம் சாப்பிட்டது இன்று வரும். எடை மாதம் ஒரு தடவை. எடை மெஷினை வேறு யாரிடமாவது கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். வயிற்றை அழுத்துவதில்லை. இணையத்தில் தேடுவதில்லை. முதல் இரண்டு வாரம் மிகவும் கஷ்டமாக இருக்கும், பார்த்துவிட்டால் நிம்மதி என்று கை துடிக்கும். அந்தத் துடிப்பு உச்சத்துக்கு ஏறி, நீங்கள் எதுவும் செய்யாவிட்டாலும் தானாகவே இறங்கும். அது இறங்குவதை நீங்களே சில தடவை அனுபவித்துவிட்டால், பாதி வேலை முடிந்தது.

சில சமயம் இது தனியாக முடியாது. ஆறு மாதத்துக்கு மேல் நோய் பற்றிய பயமே நாளை ஆக்கிரமித்திருந்தால் மருத்துவத்தில் அதற்கு நோய்ப் பதற்றக் கோளாறு என்று பெயரே உண்டு. அதற்கு சி.பி.டி. என்ற பேச்சுச் சிகிச்சை நன்றாக வேலை செய்கிறது. மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பார்க்கச் சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது, வயிற்றுக்கு வந்தால் மண்டைக்கு அனுப்புகிறாரே என்று. வயிற்றையும் நான் விடவில்லை. இசப்கோல் மாதிரி கரையும் நார்ச்சத்தைக் கொஞ்சமாக ஆரம்பித்து மெதுவாகக் கூட்டுங்கள், காபியைக் குறைத்துப் பாருங்கள், பிடிப்புக்குத் தசை தளர்த்தும் மாத்திரை இருக்கிறது. அதற்கும் கேட்காவிட்டால் அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரையை மிகக் குறைந்த அளவில் ராத்திரி கொடுப்போம். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் பழைய மருந்துதான், ஆனால் இந்த அளவில் அது குடல் நரம்புகளின் கூர்மையைக் குறைக்கிறது. ஐ.பி.எஸ்.ஸுக்கு அது பலன் தருவதை 2023ல் வெளியான பெரிய ஆய்வும் காட்டியது. உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். அவரையே தொடர்ந்து பாருங்கள், டாக்டரை மாற்றிக்கொண்டே போகாதீர்கள். பயம் வரும்போதெல்லாம் ஓடாமல், எட்டு வாரத்துக்கு ஒரு தடவை என்று முன்கூட்டியே தேதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தேதிக்கு முன்னால் எப்போது போக வேண்டும் என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடலாம், தினமும் காலையில் யோசிக்க வேண்டாம். மலத்தில் கலந்து ரத்தம் வந்தால். ஹீமோகுளோபினோ இரும்புச் சத்தோ காரணம் இல்லாமல் குறைந்தால். சாப்பாடு சரியாக இருந்தும் மாதா மாதம் எடை இறங்கினால். பேதி தூக்கத்திலிருந்து எழுப்பினால். வாயு கூடப் போகாமல் வயிறு உப்பி வாந்தி வந்தால். பெற்றோரிலோ உடன்பிறந்தவர்களிலோ யாருக்காவது இந்த நோய் என்று தெரியவந்தால். இதில் ஒன்று நடந்தால் போங்கள், ஸ்கோப் கேளுங்கள், நானும் செய்வேன். இந்தக் காகிதத்தைக் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள். இதில் இல்லாத ஒன்று பயமுறுத்தினால் அது எட்டாவது வாரம் வரை காத்திருக்கலாம்.

கேள்வி: என் கணவருக்கு வயிற்றில் புற்றுநோய் என்று ஒரு பயம். எல்லா டெஸ்டும் நன்றாக இருக்கிறது. இருந்தும் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை "எனக்கு ஒன்றும் இருக்காதில்ல?" என்று என்னிடம் கேட்கிறார். "ஒன்றும் இல்லைங்க" என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. சில சமயம் எரிந்து விழுகிறேன், அப்புறம் வருத்தமாக இருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: நீங்கள் சொல்லும் "ஒன்றும் இல்லை" அவருக்கு ஒரு மாத்திரை மாதிரி ஆகிவிட்டது, அதன் வேகம் பத்து நிமிடம்தான். அதைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். சண்டைக்கு நடுவில் இல்லாமல், அவர் நிதானமாக இருக்கும் ஒரு நேரத்தில் உட்கார்ந்து பேசுங்கள். "நான் பதில் சொல்லச் சொல்ல உங்க பயம் கூடுது. இனிமேல் நோய் இருக்கா இல்லையான்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா பயமா இருக்குன்னு சொன்னா உங்க பக்கத்துல உட்காருவேன்" என்று சொல்லி, அவருடைய சம்மதத்தை வாங்கிக்கொள்ளுங்கள். சம்மதம் இல்லாமல் திடீரென்று நிறுத்தினால் கைவிட்டதாக நினைப்பார். அதன் பிறகு கேட்டால், "பயமா இருக்கா?" என்று மட்டும் கேளுங்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், சேர்ந்து கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள். மலத்தை வந்து பார்க்கச் சொன்னால் பார்க்காதீர்கள். எரிந்து விழுந்ததற்காக உங்களையே வருத்திக்கொள்ள வேண்டாம், இது கூட இருப்பவரையும் களைக்க வைக்கும் நோய். சி.பி.டி. சிகிச்சைக்குப் போகும்போது ஒரு தடவை நீங்களும் கூடப் போங்கள். இந்தப் பதில் சொல்லும் விஷயத்தை மூவரும் சேர்ந்தே முடிவு செய்யலாம்.

கேள்வி: என் அப்பாவுக்கு 63 வயது. மூன்று மாதமாக மோஷனில் ரத்தம் வருகிறது. மூலம்தான், இருபது வருடமாக இருப்பதுதானே என்கிறார். முன்பு சொட்டாக விழும், இப்போது மலத்தோடு கலந்து வருவதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார், அதனால்தான் ரத்தம் வருகிறது என்றும் சொல்கிறார். டாக்டரிடம் வர மறுக்கிறார், வெட்கப்படுகிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள். முதல் கடிதம் எழுதியவருக்கு வேண்டாம் என்று சொன்ன அதே ஸ்கோப்பை உங்கள் அப்பாவுக்குக் கட்டாயம் வேண்டும் என்கிறேன்.

மூலம் இருப்பது உண்மையாக இருக்கலாம். மூலம் இருப்பவருக்குப் பெருங்குடலில் வேறு ஏதும் வராது என்று எந்த விதியும் இல்லை. ரத்தம் வரும் விதம் மாறியிருக்கிறது என்பதுதான் இங்கே முக்கியம். மூல ரத்தம் பெரும்பாலும் சிவப்பாக, மலத்தின் மேலேயோ கடைசியில் சொட்டாகவோ வரும். கலந்து வந்தால் மேலே எங்கிருந்தோ வருகிறது என்று வைத்துக்கொண்டுதான் தேட வேண்டும். மூச்சு வாங்குவது ரத்த சோகையாக இருக்கலாம், இதயமாகவும் இருக்கலாம், இரண்டையும் பார்க்க வேண்டும். மாத்திரையைச் சாக்காகச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். அந்த மாத்திரைகள் கட்டியை உண்டாக்குவதில்லை, பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் ஒன்றைச் சீக்கிரம் கசிய வைக்கின்றன. அந்த மாத்திரை சாப்பிடுபவருக்கு ரத்தம் வந்தால் கூடுதல் அக்கறையோடு தேடுவோம்.

வெட்கத்தைப் பற்றி: மகளிடம் பேச அவருக்குக் கூச்சமாக இருக்கும். அண்ணனோ சித்தப்பாவோ, அவர் மதிக்கும் ஒரு நண்பரோ பேசினால் இறங்கிவருவார். டாக்டர் முதலில் கையுறை போட்ட விரலால் ஒரு நிமிடம் பரிசோதிப்பார், ஸ்கோப் மயக்க ஊசி போட்டுத்தான், பெரும்பாலானவர்களுக்கு நினைவே இருப்பதில்லை என்று சொல்லுங்கள். கஷ்டமான பகுதி முந்தின நாள் பேதி மருந்து குடிப்பதுதான். பயமுறுத்தாமல் இன்னொன்றையும் சொல்லலாம். ஒருவேளை புற்றுநோயாகவே இருந்தாலும், குடல் சுவரைத் தாண்டாத நிலையில் கண்டுபிடித்தால் பத்தில் ஒன்பது பேர் ஐந்து ஆண்டு கழித்தும் நம்மோடு இருக்கிறார்கள். பரவிய பிறகு அந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். பாலிப் என்றால் பெரும்பாலும் ஸ்கோப்பிலேயே எடுத்துவிடுவார்கள்.

போகும்போது அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், ஸ்டென்ட் எந்த மாதம் வைத்தார்கள் என்ற தாளையும் எடுத்துப் போங்கள். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை அவராகவோ நீங்களாகவோ நிறுத்திவிடக் கூடாது, ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. இதய டாக்டரும் குடல் டாக்டரும் பேசி முடிவு செய்வார்கள். தலை சுற்றினாலோ, ரத்தம் கட்டிகட்டியாக வந்தாலோ, மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ தேதிக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். ரிசல்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள். பாலிப்போ புற்றுநோயோ என்று வந்தால், நீங்களும் உடன்பிறந்தவர்களும் எந்த வயதில் ஸ்கோப் பார்க்க வேண்டும் என்று தனியாகச் சொல்கிறேன்.